எடை கூடிய நண்பகல்

கெண்ட் ரிட்ஜ் சரிவில், ஆய்வுக்கூடத்தின் பின்புறம்
கூந்தற்பனைத் தூர் ஒன்று.
ஆறு தண்டுகள், ஒரே அடி.
நடுவில் உயர்ந்து நின்றதற்கு மட்டும்
பிளாஸ்டிக் கூடாரம் போட்டோம்.
சாரம் கட்ட வந்தவர் சேதுக்கரசு,
துவாஸ் விடுதியிலிருந்து.
மரத்துக்குக் கொசுவலையா என்று கேட்டுவிட்டுப்
பதிலுக்குக் காத்திராமல் முடிச்சை இறுக்கினார்.

பதினொன்றே முக்காலுக்குச் சிலிண்டரைத் திறந்தேன்.
வந்தது வழக்கமான கரிவாயுதான்,
கரி அணுவில் ஒரு நியூட்ரான் மட்டும் கூடுதல்.
நிறமில்லை, மணமில்லை.
மரத்துக்கு வித்தியாசம் தெரியுமா என்றால்
கொஞ்சம் தெரியும்.
தேக்கா சந்தையில் வெண்டைக்காய் முனையை ஒடித்து
முற்றலை ஒதுக்கும் கைபோல
கனத்ததை அது சற்றுத் தயங்கியே எடுக்கும்.
கூடாரத்துக்குள் வேறு வழியில்லை.
ஒரு மணி நேரம்
மீன்வால் இலைகள் அந்த நண்பகலைத் தின்றன.

பிறகு பின்தொடர்ந்தோம்.
மாலை நாலு மணிக்கு இலை.
மறுநாள் தண்டு, துளைப்பானில் சுருண்டு வந்த ஈரத்துகள்.
மூன்றாம் இரவு வேரின் மூச்சு:
மண்மேல் கவிழ்த்த குடுவையில் அது மெல்லச் சேரும்.
ரோஸ்லான் டார்ச் பிடிப்பார்,
ஹுவீ லிங் நேரம் சொல்வாள்,
நான் மூச்சை அடக்கிக்கொண்டு ஊசியில் உறிஞ்சுவேன்.

அடக்கியது போதவில்லை.
வெற்றுக் குடுவையில் ஓர் எண் பிசகியது.
இரண்டு இரவு தேடியதில் குற்றவாளி நான்.
கடைத் தேநீரின் சர்க்கரை கரும்பிலிருந்து வந்தது,
கரும்பின் கரி பனையின் கரியைவிடக் கனம்,
என் மூச்சுக்குள் ஒரு கரும்புத் தோட்டம் இருந்திருக்கிறது.
அன்றிலிருந்து தே-ஓ கோசோங்.
இந்த ஆய்வுக்கு நான் செய்த தியாகம் அவ்வளவே.

இந்த மரத்துக்கு வளையம் இல்லை.
வெட்டிப் பார்த்து வயது சொல்ல முடியாது.
அடித்தண்டில் இருக்கும் உயிரணு
தண்டு எழுந்த நாளின் அதே உயிரணு,
உரியாமல், ஓய்வு பெறாமல்.
மாவாக இருப்பு, சர்க்கரையாகச் செலவு.
சம்பளச் சீட்டில் சி.பி.எஃப். பிரிந்து பிரிந்து போவது
நினைவுக்கு வந்தது.
அறிக்கையில் எழுதவில்லை.

கூடாரம் அவிழ்க்க வந்த அன்று
சேதுக்கரசு திரையில் கோடுகளைப் பார்த்தார்.
"போன வழியெல்லாம் தெரியுமா?"
"ஓரளவு."
"மாசாமாசம் நான் அனுப்புறதுல
இப்படி ஒண்ணக் கலந்துவிட முடியுமாக்கா?"
சிரித்தோம்.
அவர் முதலில் நிறுத்தினார்.

உச்சியில் பூ வெடித்தால்
அந்தத் தண்டுக்கு அது முடிவின் தொடக்கம்.
கணுக்கணுவாகப் பூ கீழிறங்கும்,
கடைசிக் குலையோடு தண்டு சாகும்.
எங்கள் தண்டு அந்த வாரம் பூத்தது.
எல்லாம் பூவுக்கே போகும் என்று கணக்குப் போட்டிருந்தோம்.
பெரும்பகுதி போனது.

நாற்பதாம் நாள்,
கூடாரம் நின்ற இடத்துக்கு வெளியே, நிழலில்,
முழங்கால் உயரப் பக்கக்கன்று.
நாங்கள் விட்ட வாயு அதன் பக்கமே போகவில்லை.
அதன் விரியாத குருத்தில்
மைனஸ் இருபத்தொன்பது இருக்கவேண்டிய இடத்தில்
மைனஸ் பதினொன்று.
கருவியில் கோளாறு என்றாள் ஹுவீ லிங்.
மூன்று முறை ஓட்டினோம்.
இம்முறை என் மூச்சும் இல்லை.

ஒரு மில்லிகிராம் குருத்தைப்
பொட்டளவு வெள்ளீயக் கிண்ணத்தில் மடித்து
ஆயிரம் டிகிரியில் எரித்துத்தான்
அதைப் படித்தோம்.
வேறு விதமாகப் படிக்கத் தெரியவில்லை.

மிச்சக் குருத்து சரிவில் இருக்கிறது.
காலையிலிருந்து மழை.
கத்தரித்த மூலையோடே
விரியத் தொடங்கிவிட்டது.
சேதுக்கரசுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.
இன்னும் ஒற்றை டிக்.